கோப்பைக்குள்ளே என்ன இருக்கு?

(தலைப்பு: "வேலை முடிந்த மாலை நேரத்தில் மனிதனுக்கு இளைப்பாறுதல் தருவது கோப்பையில் இருப்பதா? கூட இருப்பவர்களா?" - 'கூட இருப்பவர்களே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசின எதிரணி நண்பர் ஒரு பட்டியல் வாசிச்சார். ஜின்னும் டானிக்கும், ரம்மும் எலுமிச்சையும், விஸ்கியும் சோடாவும், காக்டெயில்ல இத்தனை வகைன்னு! வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தீங்களா ஐயா? கோயில்ல அர்ச்சனைச் சீட்டு வாசிக்கிற மாதிரி ஒரு பக்தி! (சிரிப்பு)

"நாள் முழுக்க உழைக்கிறான். மேலதிகாரிகிட்ட திட்டு வாங்குறான். பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வர்றான். சாயங்காலம் ஒரு கோப்பை எடுத்தான்னா அத்தனையும் பறந்து போகுது. இதுல என்ன தப்பு?"ன்னு கேட்டார்.

நியாயமான கேள்விதான். குடிக்கிறவரைத் திட்டுறதுக்காக நான் இந்த மேடைக்கு வரலை. அதுக்கு அவங்கவங்க வீட்டிலேயே ஆள் இருக்காங்க. (சிரிப்பு, கைதட்டல்) நான் செய்யப் போறது ஒண்ணே ஒண்ணுதான். அவர் வாசிச்ச பட்டியல்ல இருக்கிற கோப்பைகளை ஒவ்வொண்ணா எடுத்து, இது எங்கே பிறந்தது, எதுக்காகப் பிறந்தது, வயித்துக்குள்ளே போய் என்ன செய்யுதுன்னு பார்க்கப் போறேன். பார்த்து முடிச்ச பிறகு, இளைப்பாறுதல் எங்கேயிருந்து வருதுன்னு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

முதல் கோப்பை, ஜின் டானிக்.

ஜின் என்பது என்ன? தானியத்திலிருந்து வடிச்ச சாராயத்துல ஜூனிபர் என்கிற ஒரு சின்னக் காயின் வாசனையை ஏத்தினது. ஹாலந்துக்காரர்கள் செய்த பானம், அப்புறம் லண்டனுக்குப் போச்சு. 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில லண்டன் ஏழை ஜனங்க மத்தியில ஜின் வெள்ளமாப் பாய்ஞ்சுது. விலை மலிவு. நாள் பூரா மூட்டை தூக்கினவன், துணி வெளுத்தவள் எல்லாரும் குடிச்சாங்க. எங்கே போய் முடிஞ்சுது தெரியுமா? 1751-ல் ஹோகார்த் என்ற ஓவியர் ஒரு படம் போட்டார். 'ஜின் சந்து'ன்னு பேர். அதுல ஒரு தாய் படிக்கட்டுல போதையில கிடக்கிறாள். அவள் கையிலிருந்து குழந்தை நழுவிக் கீழே விழுது. அதே வருஷம் பார்லிமெண்டுல ஜின்னைக் கட்டுப்படுத்தச் சட்டமே கொண்டு வந்தாங்க. அந்தப் படத்தைப் பார்த்தவங்க யாரும் "ஆஹா, என்ன இளைப்பாறுதல்!"னு சொல்ல மாட்டாங்க ஐயா.

சரி, அதோட கூடப் பிறக்காத தம்பி டானிக். டானிக்குன்னா என்ன? கொய்னா கலந்த சோடா. கொய்னா எதுக்கு மருந்து? மலேரியாவுக்கு. தென் அமெரிக்காவில ஆண்டிஸ் மலையில இருந்த சின்கோனா மரத்தோட பட்டையிலிருந்து வர்றது அது. 1820-ல் பெல்லத்தியே, கவாந்துன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள் பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரிச்செடுத்தாங்க. 1858-ல் லண்டன்ல எராஸ்மஸ் பாண்ட் என்பவர் டானிக் தண்ணீருக்குக் காப்புரிமை வாங்கினார்.

இதுல நம்ம ஊருக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவந்து சேர்த்த இடம் எது? நம்ம ஊட்டி! தொட்டபெட்டாவில தோட்டம் போட்டாங்க. ஊட்டியிலிருந்து கூடலூர் போற வழியில நடுவட்டத்துல தோட்டமும் போட்டு, கொய்னா தயாரிக்கிற தொழிற்சாலையும் வச்சாங்க. நீலகிரிக்குச் சுற்றுலா போறவங்க தேயிலையைப் பார்த்துட்டு வந்துடுறோம். கசப்பு மரத்தை மறந்துடுறோம்.

கொய்னா கசப்புன்னா சாதாரணக் கசப்பு இல்லை. வேப்பங்காயே அண்ணாந்து பார்க்கும். அந்தக் கசப்பை விழுங்கச் சர்க்கரை போட்டான், சோடா போட்டான், எலுமிச்சை பிழிஞ்சான், ஜின்னும் ஊத்தினான் வெள்ளைக்காரன்னு சொல்வாங்க.

நடுவர்: அப்போ குடிக்கலை, மருந்து சாப்பிட்டாங்கன்னு சொல்றீங்க!

அப்படித்தான் சொல்லிக்கிட்டாங்க ஐயா! (சிரிப்பு) இன்னிக்கும் யாராவது "டானிக் உடம்புக்கு நல்லது"ன்னு சொன்னா ஒரு கணக்குச் சொல்லுங்க. இப்போ அமெரிக்காவில ஒரு லிட்டர் டானிக்குல 83 மில்லிகிராம் கொய்னாவுக்கு மேலே போடக் கூடாதுன்னு விதி. மலேரியா வந்த ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கொடுத்த கொய்னா ஏறத்தாழ 2 கிராம். அப்படின்னா காய்ச்சல் போக அவன் ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேலே டானிக் குடிக்கணும். கோப்பை பத்தாது, அண்டா வேணும்! (பலத்த சிரிப்பு)

ஆனா நான் கேட்கிறது வேற. ஊட்டியில இருந்த அந்த வெள்ளைக்காரன் சாயங்காலம் எங்கே போனான்? தன் அறையிலேயே உட்கார்ந்து குடிச்சிருக்கலாமே? கிளப்புக்குப் போனான். ஏன்? அங்கே நாலு பேர் இருந்தாங்க. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால வீடு, மனைவி, மக்கள். பேச ஆள் வேணும், விளையாட ஆள் வேணும். இன்னிக்கு உலகமே ஆடுற ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிமுறை எழுதி மாட்டினது அந்த ஊட்டி கிளப்லதான்னு வரலாறு சொல்லுது. அவன் தேடிப் போனது ஆளை. கையில இருந்தது கோப்பை.

இன்னும் ஒண்ணு. அந்த வராந்தாவில தட்டு ஏந்தி நின்னவன் யார்? நம்ம ஆள். காலையிலேருந்து அவனும்தான் உழைச்சான். எஜமான் களைப்புக்கு இவன் கோப்பை கொடுத்தான். இவன் களைப்புக்கு யார் என்ன கொடுத்தாங்க? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கையில வச்சுக்கோங்க, கடைசியில திருப்பி வாங்கிக்கிறேன். (கைதட்டல்)

ரெண்டாவது கோப்பை, ரம்.

கரும்புச் சக்கையிலிருந்து இல்லை ஐயா, சர்க்கரை காய்ச்சின பிறகு மிஞ்சுற வெல்லப்பாகுக் கழிவிலிருந்து வடிக்கிறது ரம். இதை ஒரு அரசாங்கமே சம்பளத்தோட சம்பளமா அளந்து கொடுத்தது. பிரிட்டிஷ் கடற்படை! நீண்ட பயணத்துல பீப்பாயில இருக்கிற தண்ணி பாசி பிடிச்சுப் போகும், பீர் புளிச்சுப் போகும். ரம் கெடாது. அதனால 1731-ல் விதி எழுதினாங்க: பீர் இல்லாத இடத்துல மாலுமிக்குத் தினமும் அரை பைண்ட் சாராயம். நம்ம கணக்குல கால் லிட்டருக்கும் மேலே! அவன் அதைக் குடிச்சுட்டுப் பாய்மரத்துல ஏறணும். ஏறுவான்... இறங்குறது மட்டும் கொஞ்சம் வேகமா இருக்கும். (சிரிப்பு)

1740-ல் எட்வர்ட் வெர்னான் என்ற தளபதி பார்த்தார். ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணி கலந்து, ஒரே வேளையில கொடுக்காம ரெண்டு வேளையாப் பிரிச்சுக் கொடுங்கன்னு உத்தரவு போட்டார். அவர் 'கிரோக்ரம்'னு ஒரு முரட்டுத் துணியில கோட்டு போடுவார். அதனால அவருக்கு 'கிழட்டு கிராக்'னு பட்டப்பேர். தண்ணி கலந்த ரம்முக்கும் அந்தப் பேரே வச்சுட்டாங்க மாலுமிகள். நம்ம ஊர் டீக்கடையில தண்ணிப் பாலுக்கு மாஸ்டர் பேரை வைக்கிற மாதிரி!

அந்த ரம் எப்போ நின்னுது தெரியுமா? 1970 ஜூலை 31. இருநூறு வருஷத்துக்கு மேலே கொடுத்த அரசாங்கம் ஏன் நிறுத்துச்சு? பாய்மரம் போய் எந்திரம் வந்துடுச்சு. நுட்பமான கருவிகளைக் கையாளுறவன் மத்தியானத்துல ரம் குடிச்சா ஆபத்துன்னு முடிவு பண்ணினாங்க. மாலுமிகள் கையில கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டுத் துக்கம் கொண்டாடினாங்க.

அதே ரம், அதோட எலுமிச்சை, சர்க்கரை. மூணையும் ஐஸ் போட்டுக் குலுக்கினா டைக்கிரி என்கிற காக்டெயில். டைக்கிரி கியூபாவில ஒரு ஊர். பக்கத்துல இரும்புச் சுரங்கம். அங்கே வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1898 வாக்கில் கலந்தார்னு கதை சொல்வாங்க. அந்தக் கதையிலேயும் பாருங்க, விருந்தாளி வந்திருக்காங்க, ஜின் தீர்ந்து போச்சு, இருந்த ரம்மை வச்சுச் சமாளிச்சார்னுதான் சொல்றாங்க. நம்ம வீட்ல விருந்தாளி வந்தா சாம்பார்ல தண்ணி ஊத்துறோமே, அது மாதிரி. (சிரிப்பு) கோப்பைக்காக விருந்தாளி வரலை. விருந்தாளிக்காகக் கோப்பை வந்தது!

மூணாவது, பொதுவாக் காக்டெயில்.

நண்பர் காக்டெயில்னு சொல்லும்போது ஏதோ தேவலோகத்துச் சமாசாரம் மாதிரி சொன்னார். 1806-ல் அமெரிக்காவில ஹட்சன் என்ற ஊர்ப் பத்திரிகை ஒண்ணு, காக்டெயில்னா என்னன்னு வாசகருக்கு விளக்கம் கொடுத்திருக்கு. ஏதாவது ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு. அவ்வளவுதான்! அந்தக் கசப்புச் சாறு என்ன? இன்னிக்கும் மதுக்கூடத்துல சின்ன பாட்டில்ல சொட்டுச் சொட்டா விடுறாங்களே, அங்கஸ்துரா, அதைக் கண்டுபிடிச்சவர் சீகர்ட் என்ற ஜெர்மன் டாக்டர். 1824-ல், வெனிசுவேலாவில, சைமன் பொலிவாரோட படை வீரர்களுக்கு வயித்துக் கோளாறுக்காகச் செய்தது. நம்ம பாட்டி கொடுக்கிற ஓமத் தண்ணி! (சிரிப்பு)

ஆக, ஒண்ணு காய்ச்சலுக்கு வந்தது. ஒண்ணு தண்ணி கெட்டுப் போனதுக்கு வந்தது. ஒண்ணு வயித்து வலிக்கு வந்தது. நான் எடுத்த மூணு கோப்பையில எதுவுமே களைப்புக்குன்னு பிறக்கலை ஐயா!

"பிறந்தது எதுக்காக இருந்தா என்ன, குடிச்சா இதமா இருக்கே"ன்னு எதிரணி கேட்பாங்க. இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய். ஏன் இதமா இருக்குன்னு பார்ப்போம்.

நம்ம மூளையில ரெண்டு ரசாயனம் முக்கியம். ஒண்ணு காபா, அது பிரேக். இன்னொண்ணு குளூட்டமேட், அது ஆக்ஸிலேட்டர். மது உள்ளே போன உடனே பிரேக்கை அழுத்துது, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துது. தோள் தளருது, கவலை மங்குது. ஆனா மூளை சும்மா இருக்குமா? "எவனோ பிரேக்கை அழுத்துறான்"னு அது ஆக்ஸிலேட்டரைக் கூட்டுது. மது இறங்கின பிறகு என்ன ஆகும்? பிரேக்கிலிருந்து கால் எடுத்தாச்சு, ஆக்ஸிலேட்டர் மட்டும் அழுத்தினபடியே இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு, மூணு மணிக்கு விழிப்பு வருது. நெஞ்சு படபடங்குது. நாக்கு வறளுது. "நல்லாத்தானே தூங்கினேன், ஏன் காலையில அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு?"ன்னு கேட்கிறார். தூக்கம் சீக்கிரம் வந்தது உண்மை. பின்பாதித் தூக்கம் துண்டு துண்டாப் போச்சு. கனவு காண்கிற தூக்கம் குறைஞ்சு போச்சு. சாயங்காலம் தீர்ந்ததா நினைச்ச களைப்பு காலையில தலைமாட்டில வந்து உட்கார்ந்திருக்கு.

இது நிம்மதி இல்லை ஐயா, கந்துவட்டிக் கடன்! நாளைக்கு இருக்கிற நிம்மதியை இன்னிக்கே வாங்கிச் செலவு பண்ணிட்டு, நாளைக்கு வட்டியோட கட்டுறது. கட்ட முடியாம மறுபடியும் கடன். முதல்ல ஒரு கோப்பையில வந்த இதம், கொஞ்ச நாள்ல ரெண்டு கேட்கும், அப்புறம் மூணு கேட்கும். (கைதட்டல்)

அளவைப் பத்தியும் சொல்லிடுறேன், வீட்ல இருக்கிறவங்களுக்குத் தெரியணும். நம்ம நாட்டு பாட்டில்ல பொதுவா 42.8 சதவீதம் ஆல்கஹால். ஒரு லார்ஜ்னா 60 மில்லி. அதுல சுத்தமான ஆல்கஹால் சுமார் 20 கிராம். நம்ம கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7-லிருந்து 10 கிராம்தான் கரைக்கும். ஒரு லார்ஜ் கரைய ரெண்டிலிருந்து மூணு மணி நேரம். கல்லீரல் ரொம்ப நேர்மையான குமாஸ்தா. மோர் கொடுத்தாலும், காபி கொடுத்தாலும், தலையில தண்ணி ஊத்தினாலும் வேகத்தைக் கூட்டாது. லஞ்சம் வாங்காத ஒரே ஆபீஸ் அதுதான்! (பலத்த சிரிப்பு)

"நான் பீர் மட்டும்தான்"னு சொல்றவர் இருக்கார். 650 மில்லி பெரிய பாட்டில், 8 சதவீத ஸ்ட்ராங் பீர். கணக்குப் போடுங்க. 40 கிராம் ஆல்கஹால். ரெண்டு லார்ஜ்! பேர்தான் பீர். வண்டி ஓட்டுறவருக்குச் சட்டம் வச்சிருக்கிற எல்லை 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருத்தர் வெறும் வயித்துல ஒரே ஒரு லார்ஜ் போட்டாலே அந்தக் கோட்டைத் தாண்டிடலாம். "எனக்கு ஒண்ணும் ஆகலை, ஸ்டெடியா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே சாவியைத் தேடுவார். சாவி அவர் கையிலேயே இருக்கும். (சிரிப்பு)

"கொஞ்சமாக் குடிச்சா இதயத்துக்கு நல்லதாமே"ன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுச்சு. 1988-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவுல சேர்த்துடுச்சு. 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவுன்னு எதையும் சொல்ல முடியாதுன்னு அறிவிச்சது. பயமுறுத்துறதுக்காகச் சொல்லலை. குறைச்சாக் குறைச்ச அளவுக்கு லாபம்னு அர்த்தம்.

இப்போ எதிரணியோட பலமான வாதத்துக்கு வர்றேன். அவங்க ஜப்பானைச் சொன்னாங்க. ஆபீஸ் முடிஞ்சா எல்லாரும் கூட்டமாப் போறாங்க. விஸ்கியில சோடாவை நிறைய ஊத்தின ஹைபால் குடிக்கிறாங்க. அதுக்கு ஒரு வார்த்தையே இருக்கு, 'நோமினிகேஷன்'. நோமுன்னா ஜப்பான் மொழியில குடிக்கிறது. அதோட கம்யூனிகேஷனை ஒட்ட வச்சுட்டாங்க. குடிச்சுக்கிட்டே பேசுறது. ஆபீஸ்ல மேலதிகாரிகிட்ட சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். மறுநாள் அவர் அதைக் கணக்குல வச்சுக்க மாட்டார்னு ஒரு ஏற்பாடு.

நடுவர்: நம்ம ஊர்ல குடிக்காமலேயே அதிகாரியைத் திட்டுறாங்களே!

அவர் இல்லாதப்போ ஐயா! (பலத்த சிரிப்பு) நான் கேட்கிறேன், அந்த ஜப்பான்காரனுக்கு உண்மையில தேவைப்பட்டது எது? விஸ்கியா? மனசுல இருக்கிறதைப் பேச ஒரு அனுமதி! பகல்ல அதைக் கொடுக்காத ஆபீஸ், ராத்திரியில கோப்பை வழியாக் கொடுக்குது. பேசினதால பாரம் இறங்குது. பேர் வாங்கிட்டுப் போறது விஸ்கி!

இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. 'ஹேப்பி அவர்'னு சொல்றாங்களே, சாயங்கால நேரத்துல மதுக்கூடங்கள்ல விலை குறைச்சு ஊத்துறது. அந்த வார்த்தை எங்கே பிரபலமாச்சு தெரியுமா? அமெரிக்கக் கடற்படையில. 1913 வாக்கில் 'ஆர்கன்சா' என்ற போர்க்கப்பல்ல, மாலுமிகளோட அலுப்புத் தீர வாரத்துல சில சாயங்காலம் குத்துச்சண்டை, மல்யுத்தம், பாட்டு, ஆட்டம், சினிமான்னு வச்சாங்க. அதுக்குப் பேர்தான் ஹேப்பி அவர். 1914 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள்ல மதுவே கூடாதுன்னு உத்தரவு வந்துடுச்சு. அப்புறமும் ஹேப்பி அவர் நின்னுச்சா? நிக்கலை! கப்பலுக்குக் கப்பல் பரவுச்சு. ஒரு சொட்டு மது இல்லாம, நடுக்கடல்ல, வீட்டை விட்டு வந்தவன் சந்தோஷமா இருந்த நேரம் அது. கரைக்கு வந்த பிறகுதான் வியாபாரி அந்தப் பேரைத் திருடிப் பாட்டில்ல ஒட்டினான்! (பலத்த கைதட்டல்)

இன்னொரு சாட்சி. 1935-ல் அமெரிக்காவில அக்ரான் என்ற ஊர்ல ரெண்டு பேர் சந்திச்சாங்க. பில் வில்சன் ஒரு பங்குச்சந்தைத் தரகர். பாப் ஸ்மித் ஒரு டாக்டர். ரெண்டு பேரும் மதுவில எல்லாத்தையும் இழந்துக்கிட்டிருந்தவங்க. மணிக்கணக்கா உட்கார்ந்து பேசினாங்க. குடியை விட்டாங்க. அதுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பாச்சு. இன்னிக்கு நம்ம தமிழ்நாட்டுலயும் அவங்க கூட்டங்கள் நடக்குது, கட்டணம் கிடையாது. வட்டமா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருத்தர் கதையை ஒருத்தர் கேட்கிறாங்க. யோசிச்சுப் பாருங்க ஐயா. கோப்பையில விழுந்தவனைத் தூக்கி விடுறதுக்கே கூட இருக்கிறவங்கதான் வேண்டியிருக்கு!

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார், 93-ஆவது. நட்புக்கு எத்தனை தெரியுமா? 79-லிருந்து 83 வரைக்கும் அஞ்சு! நல்ல நட்பு எது, கெட்ட நட்பு எதுன்னு அளந்து அளந்து சொன்னார். குடிக்காதேன்னு சொல்ல ஒண்ணு போதும், யாரோட உட்காரணும்னு சொல்ல அஞ்சு வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. (கைதட்டல்)

இப்போ கையில கொடுத்து வச்ச கேள்வியைத் திருப்பி வாங்கிக்கிறேன். தட்டு ஏந்தி நின்னவனுக்கு யார் என்ன கொடுத்தாங்க?

நம்ம வீட்டுக்கு வாங்க. அவர் ஆறு மணிக்கு வேலை முடிக்கிறார். எட்டு வரைக்கும் 'ரிலாக்ஸ்' பண்றார். அந்த அம்மாவும் வேலைக்குப் போயிட்டுத்தான் வர்றாங்க. இல்லைன்னா வீட்லயே விடிகாலை அஞ்சு மணியிலிருந்து நிக்கிறாங்க. அவங்களுக்கு ஹேப்பி அவர் எப்போ? "ஏங்க, பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கணும்"னு சொன்னா, "இரும்மா, இப்போதானே வந்தேன்"கிறார். வந்து ஒரு மணி நேரமாச்சு. வரவே ரெண்டு மணி நேரமாச்சு. அப்பா எந்த மனநிலையில வருவாரோன்னு, கதவுச் சத்தத்தை வச்சே குழந்தைகள் கண்டுபிடிக்கிற வீடுகள் இருக்கு ஐயா. மாமியார் மருந்துக்குக் காத்திருக்காங்க. ஒருத்தர் இளைப்பாறுறதுக்கு நாலு பேர் களைச்சுப் போறாங்க. இந்த ஏற்பாட்டுக்குப் பேர் இளைப்பாறுதலா? (நீண்ட கைதட்டல்)

சும்மா குறை சொல்லிட்டுப் போகக் கூடாது, வழியும் சொல்லணும்.

வேலை முடிஞ்சுதுன்னு மனசுக்கு ஒரு அடையாளம் வேணும். அது உண்மை. கையில குளிர்ச்சியா ஒரு கோப்பை அந்த அடையாளமா இருக்கு. அதுக்குள்ளே மது இருக்கணும்னு யார் சொன்னா? இஞ்சிச் சாறு ஒரு ஸ்பூன், எலுமிச்சை அரை மூடி, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, நாலு புதினா இலை, மேலே சோடா. இதைப் பெரிய ஓட்டல்ல 'மாக்டெயில்'னு சொல்லி முந்நூறு ரூபாய் வாங்குறான். வீட்ல செய்தா நாலு பேருக்குப் பத்தும். நன்னாரி சர்பத் இருக்கு. கோலி சோடா இருக்கு. அந்தக் கோலி பாட்டிலும் 1872-ல் ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடிச்சதுதான், அதனால வெளிநாட்டுச் சரக்குன்னு பெருமையாச் சொல்லிக்கலாம்! (சிரிப்பு)

"இல்லை, நான் எப்பவாவது குடிக்கிறவன், விட மாட்டேன்"னு சொல்றவருக்கு: வெறும் வயித்துல வேண்டாம். கண்ணால அளக்காதீங்க, அளந்து ஊத்துங்க. தூக்க மாத்திரையோட சேர்த்தா உயிருக்கே ஆபத்து. வண்டிச் சாவியை வீட்டுக்காரம்மாகிட்டக் கொடுத்துடுங்க. தினமும் நிறையக் குடிக்கிறவர் ஒருத்தர் வீட்ல இருந்தா, அவரை அறையில பூட்டி ஒரே நாள்ல நிறுத்த வைக்காதீங்க. கை நடுங்கும், வலிப்பு வரலாம். டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போங்க. அது வியாதி, வைத்தியம் இருக்கு. கேவலம்னு மறைச்சு வச்சாத்தான் முத்திப் போகும்.

நடுவர் ஐயா மணியில கை வச்சுட்டார். அவருக்கும் வீட்ல காத்திருப்பாங்க. (சிரிப்பு) முடிச்சுடுறேன்.

மூணு கோப்பையையும் உங்க முன்னாலேயே கவிழ்த்துக் காட்டிட்டேன். கொய்னா விழுந்தது, வெல்லப்பாகு விழுந்தது, கசப்புச் சாறு விழுந்தது. இளைப்பாறுதல் விழலை. அது கிளப்புல விளையாட வந்த கூட்டாளிகிட்ட இருந்தது. கப்பல்ல பாட்டுக் கேட்ட தோழன்கிட்ட இருந்தது. அக்ரான்ல எதிரே உட்கார்ந்து கேட்ட ஒரு காதுகிட்ட இருந்தது. நம்ம வீட்ல அது கதவைத் திறக்கிறவங்ககிட்ட இருக்கு. "இன்னிக்கு ஆபீஸ்ல என்னங்க ஆச்சு?"ன்னு அவங்க கேட்கட்டும். "உனக்கு இன்னிக்கு எப்படிம்மா போச்சு?"ன்னு நீங்களும் கேளுங்க. ரெண்டு பேர் களைப்பும் ஒரே நேரத்துல இறங்கும்.

ஆகவே, மாலை நேரத்தில் மனிதனுக்கு இளைப்பாறுதல் தருவது கோப்பையில் இருப்பது அல்ல, கூட இருப்பவர்களே என்ற நல்ல தீர்ப்பை நடுவர் ஐயா அவர்கள் வழங்க வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)